கையில் ஏறுவதும் கழுத்தில் ஏறுவதும்

ஹைதராபாத் மருத்துவமனைகளில் நோயாளிக்குத் துணையிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு,



இந்த ஊரில் எந்தப் பெரிய மருத்துவமனையின் ஐ.சி.யு. வாசலுக்குப் போனாலும் நாலு நாற்காலி தள்ளி ஒரு தமிழ்க் குரல் கேட்கும். மாரேட்பள்ளியிலும் பத்மாராவ் நகரிலும் தலைமுறைகளாக இருக்கிறவர்கள், கச்சிபௌலிக்கு வேலைக்கு வந்தவர்கள், கணைய நோய்க்கும் குடல் அறுவைக்கும் இங்கே நல்ல டாக்டர்கள் என்று கேள்விப்பட்டு ஊரிலிருந்து ரயிலேறி வந்தவர்கள். நீங்கள் உட்கார்ந்திருக்கும் அந்த வாசலுக்கு ஒருநாள் டாக்டர் வருகிறார். “வாய் வழியா இப்போதைக்கு முடியாது. ரத்தக்குழாய் வழியாத்தான் சத்து கொடுக்கணும். சென்ட்ரல் லைன் போடணும், கையெழுத்துப் போடுங்க.” உடனே உங்களில் ஒருவர் கேட்பார்: “கழுத்துலயா? கையிலயே ஏத்தக் கூடாதா டாக்டர்?”

சிலர் கையெழுத்துப் போட மறுத்தே விடுகிறீர்கள். வேறு சிலர் இதற்கு நேரெதிர். பக்கத்துப் படுக்கைக்கு வெள்ளைப் பை தொங்குகிறதே, எங்கள் அப்பாவுக்கு ஏன் இன்னும் போடவில்லை என்று நர்ஸிடம் சண்டைக்குப் போகிறீர்கள். நான் இந்த ஊரில் மருத்துவமனை டயட்டீஷியனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இந்த இரண்டு தரப்பாரையும் நிறையப் பார்த்தாயிற்று. இருவருக்கும் சேர்த்துத்தான் இந்த மடல்.

முதலில் குளுக்கோஸ் பாட்டில் கணக்கை முடித்துவிடுவோம். ஐந்து சதவீத குளுக்கோஸ், அரை லிட்டர் பாட்டில். உள்ளே இருப்பது 25 கிராம் சர்க்கரை, 85 கலோரி. இரண்டு இட்லிக்குக்கூட எட்டாது. நாளைக்கு நாலு பாட்டில் ஏறினாலும் 340 கலோரிதான், புரதம் ஒரு துளி கிடையாது. சலைன் பாட்டிலில் அந்த 85கூட இல்லை, வெறும் உப்புத் தண்ணீர். 60 கிலோ எடையுள்ள நோயாளிக்கு நாளொன்றுக்கு 1500 முதல் 1800 கலோரியும், குறைந்தது எழுபது கிராம் புரதமும் வேண்டும். “நாலு நாளா பாட்டில் ஏறிக்கிட்டேதான் இருக்கு, ஆனாலும் இளைச்சுக்கிட்டே போறார்” என்று நீங்கள் சொல்லும்போது அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. அவர் பட்டினி கிடக்கிறார். பாட்டில் உடம்பில் தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்கிறது, அவ்வளவுதான். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: வைட்டமின் கலந்து மஞ்சளாகத் தொங்கும் பாட்டிலும், பல ஆயிரம் கொடுத்து நீங்கள் வாங்கி வரும் அல்புமினும் சாப்பாடு ஆகாது. அல்புமினுக்கு வேறு வேலைகள் உண்டு. சத்துக்காக என்று யாராவது எழுதினால் ஏன் என்று கேளுங்கள்.

உண்மையான சிரைவழி உணவு என்பது சர்க்கரை, புரதத்தின் கூறுகளான அமினோ அமிலம், கொழுப்பு, உப்புகள், வைட்டமின்கள், துத்தநாகம்போலச் சிறிதளவே வேண்டிய தாதுக்கள் எல்லாம் சேர்ந்த கலவை. கொழுப்பு இருப்பதால்தான் பை பால்போல் வெளுப்பாக இருக்கிறது. இதைக் கையில் ஏற்றுவதா, கழுத்தில் ஏற்றுவதா என்பதை முடிவு செய்வது டாக்டரின் விருப்பமோ உங்கள் பயமோ இல்லை. கலவையின் அடர்த்தி.

நம் ரத்தத்தின் அடர்த்தி, மருத்துவர்கள் அளக்கும் அலகில், லிட்டருக்கு ஏறத்தாழ 290 மில்லிஆஸ்மோல். ஐந்து சதவீத குளுக்கோஸ் அதற்கு மிக அருகில் இருப்பதால் எந்தக் கைச் சிரையும் அதைத் தாங்கும். பத்து சதவீதம் 500ஐத் தொடும். இருபத்தைந்து சதவீதம் 1250ஐத் தாண்டிவிடும். கைச் சிரைக்குள் 900க்கு மேல் போகக் கூடாது என்பது அமெரிக்க வழிகாட்டி. ஐரோப்பாவில் 850 என்று இன்னும் சற்று இறுக்கிப் பிடிக்கிறார்கள். மீறினால் சிரையின் உட்சுவர் வெந்ததுபோல் ஆகும். சிவக்கும், கயிறுபோல் விறைக்கும், அடைத்துக்கொள்ளும். கையில் ஓடும் ரத்தம் நிமிடத்துக்கு நூறு மில்லிகூட இருக்காது. இதயத்துக்கு மேலே இருக்கும் மேற்பெருஞ்சிரையில் ஏறத்தாழ இரண்டு லிட்டர் பாய்கிறது. ஒரு கைப்பிடி உப்பை டம்ளரில் போடுவதும் கிணற்றில் போடுவதும் ஒன்றா? கழுத்திலோ காறை எலும்புக்குக் கீழோ குழாயைச் செருகி அதன் நுனியை அந்தப் பெருஞ்சிரையில் கொண்டுபோய் நிறுத்துவதற்குக் காரணம் இதுதான். ஆபத்து முற்றிவிட்டது என்பதற்கு அது அடையாளமில்லை.

கையில் முழங்கைக்கு மேலே செருகும் ‘பிக் லைன்’ என்று ஒன்று உண்டு. கையில்தானே இருக்கிறது, கை லைன்தானே என்று நினைத்துவிடாதீர்கள். அந்த நீளமான குழாயின் நுனியும் பெருஞ்சிரையில்தான் நிற்கும். அதுவும் சென்ட்ரல் லைனே. எங்கே நுழைகிறது என்பதை விட்டுவிடுங்கள், எங்கே முடிகிறது என்று கேளுங்கள்.

இந்த இரு வழிகளும் பிறந்த கதை எனக்கு மிகவும் பிடித்தது, கொஞ்சம் சொல்ல அனுமதியுங்கள். 1960களில் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி டட்ரிக் என்ற இளம் அறுவை மருத்துவர் பீகிள் நாய்க்குட்டிகளுக்குச் சிரை வழியாக மட்டுமே உணவு கொடுத்து வளர்த்துக் காட்டினார். 1967இல் பிலடெல்ஃபியாவில் சிறுகுடல் ஏறத்தாழ முழுவதும் இல்லாமல் பிறந்த குழந்தைக்கும் அதே முறையைச் செய்தார்கள். குழந்தை எடை கூடியது, வளர்ந்தது. மருத்துவ உலகம் அசந்துபோனது. ஏன் பெருஞ்சிரை வழியாகக் கொடுத்தார்கள்? அப்போது அமெரிக்காவில் சிரையில் ஏற்றத்தக்க கொழுப்பு கிடையாது. பருத்திக்கொட்டை எண்ணெயிலிருந்து செய்த ஒரு மருந்து இருந்தது. பக்க விளைவுகள் தாங்காமல் அதைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். கொழுப்பு இல்லையென்றால் அத்தனை கலோரியும் சர்க்கரையிலிருந்துதான் வர வேண்டும். சர்க்கரை அவ்வளவு அடர்த்தியானால் கைச் சிரை ஒருநாள் தாங்காது.

அதே காலத்தில் ஸ்வீடனில் ஆர்விட் ரெட்லிண்ட் சோயா எண்ணெயை முட்டை மஞ்சள்கருவிலிருந்து எடுத்த பாஸ்ஃபோலிப்பிடோடு கலந்து, உடம்பு ஏற்கக்கூடிய நுண்துளிப் பாலாக்கியிருந்தார். இன்ட்ராலிப்பிட் என்பது அதன் பெயர். கொழுப்பு ஒரு கிராமுக்கு 9 கலோரி தரும், ஆனால் கலவையின் அடர்த்தியைப் பெரிதாகக் கூட்டாது. ஆகவே ஐரோப்பியர்களால் கை வழியாகவே ஓரளவு உணவூட்ட முடிந்தது. அமெரிக்காவில் இன்ட்ராலிப்பிட் அனுமதி பெற 1970களின் நடுப்பகுதி ஆயிற்று. கைவழியா, கழுத்துவழியா என்று இரு கண்டங்களும் பிரிந்து நின்றதற்கு அலமாரியில் எந்த பாட்டில் இருந்தது என்பதே பெரிய காரணம். இன்று இரண்டும் எல்லா இடத்திலும் இருக்கின்றன.

(முட்டை என்றதும் சைவக் குடும்பங்கள் நிமிர்ந்து உட்காருவீர்கள். இப்போதும் பெரும்பாலான கொழுப்புக் கலவைகளில் முட்டை பாஸ்ஃபோலிப்பிட் உண்டு, சிலவற்றில் மீன் எண்ணெயும் உண்டு. இதைக் குடும்பத்துக்கு முன்கூட்டியே சொல்வது மருத்துவமனையின் கடமை என்பது என் கருத்து. முட்டை, சோயா, மீன் ஒவ்வாமை இருந்தால் சொல்வது உங்கள் கடமை.)

இனி பையைப் பார்ப்போம். இந்த ஊரில் பெரும்பாலும் தொங்குவது மூன்றறைப் பை. சர்க்கரை, அமினோ, கொழுப்பு மூன்றும் தனித்தனி அறைகளில் இருக்கும்; தொங்கவிடுவதற்குமுன் தடுப்பை அழுத்திக் கலப்பார்கள். பரவலாகப் பயன்படும் ஒரு வகையின் கணக்கைச் சொல்கிறேன். கைச் சிரைக்கான பை 1440 மில்லி. அதில் 1000 கலோரி, 34 கிராம் அமினோ அமிலம், அடர்த்தி 750. பெருஞ்சிரைக்கான பை 1540 மில்லி. 1400 கலோரி, 51 கிராம் அமினோ அமிலம், அடர்த்தி 1060. நூறு மில்லிதான் வித்தியாசம், ஆனால் உள்ளே இருப்பது ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. அந்த 60 கிலோ நோயாளிக்கு 70 கிராம் புரதத்தைக் கை வழியாகவே கொடுக்க வேண்டுமானால் நாளொன்றுக்கு மூன்று லிட்டர் ஏற்ற வேண்டும். சிறுநீரகமோ இதயமோ தளர்ந்தவருக்கு அந்த மூன்று லிட்டரே வினையாகிவிடும்.

ஆகவே கைவழி யாருக்கு? பத்து, பன்னிரண்டு நாட்களுக்குள் வாய்க்குத் திரும்பிவிடுவார் என்று தெரிந்தவருக்கு, தண்ணீர் அளவைத் தாங்கக்கூடியவருக்கு, நல்ல சிரை உள்ளவருக்கு. மூக்குக் குழாய் வழியாக ஓரளவு போகிறது, மீதியை ஈடுகட்ட வேண்டும் என்றாலும் கைவழி நன்று. கழுத்துவழி யாருக்கு? இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும் என்றால், முழுத் தேவையும் சிரை வழியாகத்தான் என்றால், தண்ணீரைக் குறைக்க வேண்டுமென்றால். குடல் அழுகி வெட்டி எடுக்கப்பட்டவர், அறுவைக்குப்பின் குடலில் ஓட்டை விழுந்து வயிற்றின்மேல் கசிபவர் எல்லாம் இதில் வருவார்கள்.

நான் மிகவும் வருந்துவது நடுவழியில் மாட்டிக்கொண்டவர்களுக்காக. குடும்பம் கழுத்துக் குழாய்க்கு ஒப்பவில்லை, டாக்டரும் வாதாடிக் களைத்து “சரி, கையிலேயே பார்ப்போம்” என்கிறார். ஒரு கை வீங்குகிறது, அடுத்த கை. பிறகு “நரம்பு கிடைக்கல” என்று புறங்கையில், பாதத்தில். மூன்றாவது வாரம் உடம்பில் குத்த இடமில்லை, பாதிச் சாப்பாடுகூடப் போய்ச் சேரவில்லை, இப்போது கழுத்துக் குழாயும் போட வேண்டும், நோயாளியோ பழைய பலத்தில் இல்லை. அஞ்சி அஞ்சித் தள்ளிப்போட்டது ஒன்றும் மிச்சமாகவில்லை.

கழுத்துக் குழாயில் ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. செருகும்போது நுரையீரல் உறையில் பட்டுக் காற்று கசியலாம், தமனியில் குத்திவிடலாம். அல்ட்ராசவுண்ட் பார்த்துச் செருகுவதும் பிறகு எக்ஸ்ரே எடுப்பதும் அதற்காகத்தான். பெரிய எதிரி கிருமி. குழாய் வழியாக ரத்தத்துக்குள் நேராகப் போகும் கிருமிக்கு நடுவில் தடுப்பே கிடையாது, சர்க்கரையும் கொழுப்பும் அதற்கும் நல்ல தீனி. ஆனால் இது விதியல்ல. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து ஐ.சி.யு.க்களில் பீட்டர் புரொனவோஸ்ட் குழுவினர் செய்து காட்டி 2006இல் வெளியிட்டதைப் பாருங்கள். கை கழுவு, குளோரெக்சிடினால் தோலைத் துடை, முழுத் துணி போர்த்திச் செய், தொடை இடுக்கைத் தவிர், தேவையில்லாத குழாயை எடு. ஐந்தே வரிகள். ஆயிரம் குழாய்-நாளுக்கு (ஒரு குழாய் ஒருநாள் உடம்பில் இருந்தால் அது ஒரு குழாய்-நாள்) 2.7ஆக இருந்த இடைநிலைத் தொற்று விகிதம் மூன்று மாதத்தில் சுழியத்துக்கு வந்தது. புது மருந்து எதுவும் இல்லை. உங்கள் மருத்துவமனையில் அந்த ஐந்தும் நடக்கிறதா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, கேட்டால் நல்ல நர்ஸ் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

“கழுத்துல குழாய் போட்டா முடிஞ்சுது” என்று வாசலில் யாரோ ஒருவர் சொல்லிக்கொண்டேதான் இருப்பார். அவருக்காக ஒரு செய்தி. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்த குர்ஷீத் ஜீஜீபாய், 1970இல் கனடாவின் டொரொன்டோவில் ஜூடி டெய்லர் என்ற பெண்ணுக்கு, ரத்தம் உறைந்து குடல் போய்விட்ட பிறகு, பெருஞ்சிரையில் குழாய் வைத்து வீட்டுக்கே அனுப்பினார். பகலில் குடும்பம், குழந்தைகள், இரவில் பை. இப்படியே அவர் ஏறத்தாழ இருபது ஆண்டு வாழ்ந்தார்.

இப்போது இரண்டாவது கூட்டத்துக்கு வருகிறேன்: ஏன் இன்னும் பை தொங்கவில்லை என்று சண்டை போடுகிறவர்களுக்கு. கை, கழுத்து இரண்டுக்கும் முந்திய கேள்வி குடல் வேலை செய்கிறதா என்பது. செய்கிறதென்றால், மூக்குக் குழாயில் போகும் மருத்துவ மாவு எந்த வெள்ளைப் பைக்கும் குறைந்ததல்ல. இங்கிலாந்தில் 2400 ஐ.சி.யு. நோயாளிகளை வைத்து 2014இல் வெளியான ஆய்வில், சிரை வழி உண்டவர்களுக்கும் குடல் வழி உண்டவர்களுக்கும் முப்பது நாள் இறப்பில் வேறுபாடு தெரியவில்லை. அதற்கு மூன்று ஆண்டு முன்பு பெல்ஜியத்தில் 4640 பேரிடம் நடந்த ஆய்வு இன்னும் காரமானது. குடல் வழி போதாதவர்களுக்கு முதல் இரண்டு நாளுக்குள்ளேயே சிரை உணவு தொடங்கியதைவிட, எட்டாம் நாள்வரை காத்திருந்தவர்களுக்குத் தொற்று குறைவு, ஐ.சி.யு.வை விட்டு வெளியே வந்ததும் முன்னதாக. சேரும்போதே எலும்பும் தோலுமாக இருந்தவர்களுக்கு இந்தக் காத்திருப்பு பொருந்தாது. நல்ல உடம்போடு வந்தவருக்கு ஒரு வாரம் பை தொங்கவில்லை என்றால் அது அலட்சியம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

எலும்பும் தோலுமானவர்களைப் பற்றிப் பேசும்போது இந்த ஊரைப் பற்றி ஒன்று. தார்நாக்கா பக்கம் போனால் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் வளாகத்தைப் பார்ப்பீர்கள். அது பிறந்தது நம் குன்னூரில். 1918இல் ராபர்ட் மெக்காரிசன் அங்கே பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில் தொடங்கிய பெரிபெரி ஆய்வுப் பிரிவுதான் வளர்ந்து 1958இல் ஹைதராபாத்துக்கு வந்தது. பின்னாளில் அதை நடத்திப் பெயர் வாங்கிய சி. கோபாலன் சேலத்தில் பிறந்தவர். பெரிபெரி என்பது தயமின், அதாவது பி1 வைட்டமின், இல்லாமல் வரும் நோய். தீட்டிய அரிசியையே தின்றவர்களுக்கு வந்த பழைய காலத்து நோய் என்றுதானே நினைக்கிறோம்? 1997இல் அமெரிக்காவில் சிரை உணவில் சேர்க்கும் வைட்டமினுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, தயமின் இல்லாத பை ஏறிய நோயாளிகளுக்கு ரத்தத்தில் லாக்டிக் அமிலம் ஏறி உயிருக்கே ஆபத்தானது. சர்க்கரையை எரிக்கத் தயமின் வேண்டும். பல நாள் பட்டினி கிடந்த உடம்பில், குடிப்பழக்கம் உள்ளவரின் உடம்பில், அது ஏற்கெனவே வற்றியிருக்கும். அங்கே சர்க்கரையை மட்டும் கொட்டினால் இருக்கிற கொஞ்சமும் தீர்ந்துவிடும். பாஸ்பேட்டும் பொட்டாசியமும் மக்னீசியமும் அதேபோல் சடாரென்று விழும், இதயம் தடுமாறும். இதனால்தான் மெலிந்தவருக்கு முதல் நாட்களில் பாதிப் பைதான் ஏறுகிறது. முழுப் பை வாங்கச் சொல்லிவிட்டுப் பாதியைக் கொட்டுகிறார்கள் என்று கணக்குப் பார்க்காதீர்கள்.

நீங்கள் செய்ய வேண்டியவை சில. சீட்டைக் கொடுத்துக் கீழே ஃபார்மஸிக்கு உங்களைத்தான் அனுப்புவார்கள். பை ஒன்றின் விலை சில ஆயிரம் ரூபாய். கை லைன் மட்டும் இருக்கும் நோயாளிக்கு வாங்குகிறீர்கள் என்றால் உறையில் ‘பெரிபெரல்’ என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு வகையும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், கடைக்காரர் கை மாறிப்போவதுண்டு. வைட்டமின், தாது ஊசிகள் சீட்டில் தனியாக எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள், ஏனென்றால் மூன்றறைப் பைகளில் அவை போதிய அளவில் இருக்காது. பைமேல் போர்த்தியிருக்கும் கறுப்பு உறையை எட்டிப் பார்க்க விலக்காதீர்கள், வெளிச்சம் பட்டால் வைட்டமின் சிதையும். தொங்கிய பை 24 மணி நேரம் தாண்டக் கூடாது, மிச்சத்தை நாளைக்கு என்று வைக்கச் சொல்லாதீர்கள். உணவு போகும் குழாய்க்கண்ணில் ரத்தம் எடுப்பதோ வேறு மருந்து போடுவதோ கூடாது. யாராவது அவசரத்தில் செய்தால் மரியாதையாகச் சொல்லுங்கள். நோயாளி கை எரிகிறது என்றால், குளிரடிக்கிறது என்றால், காய்ச்சல் என்றால், டியூட்டி மாறும்வரை காத்திராமல் அப்போதே சொல்லுங்கள். வீக்கத்துக்கு ஒத்தடமோ தைலமோ உங்கள் கையால் வேண்டாம்.

தெலுங்கு வராதே என்று தயங்குகிறவர்களுக்கு: “பேகுலு பனிசேஸ்துன்னாயா?” என்றால் குடல் வேலை செய்கிறதா என்று அர்த்தம். “எந்நி ரோஜுலு?” எத்தனை நாள். இந்த இரண்டு கேள்விக்கும் பதில் வந்துவிட்டால் கையா, கழுத்தா என்பது பெரும்பாலும் தானாகவே தீர்ந்துவிடும்.

குழாய் போட்டாயிற்றா, இன்னும் ஒரு கேள்வி பாக்கியிருக்கிறது. இதை நாள்தோறும் காலை ரவுண்ட்ஸில் கேளுங்கள், நாலாம் நாள் கேட்டதைப் பத்தாம் நாளும் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள்: “டாக்டர், இந்த லைன் இன்னிக்கும் வேணுமா?”

அன்புடன்,
செகந்திராபாத்திலிருந்து ஒரு பழைய டயட்டீஷியன்